வாய் கோணிய சபுர் பாய்

விடிந்தும் விடியாத நேரம். மேற்கு மாம்பலத்தில் எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு சின்னப் பள்ளிவாசல் இருக்கிறது. பஜ்ரு தொழுகைக்கு முன்னால் ஒளு செய்யக் குழாயடியில் உட்கார்ந்தேன். கைகளைக் கழுவினேன். வாய் கொப்பளிக்கத் தண்ணீரை அள்ளி உள்ளே விட்டேன்.

தண்ணீர் வாயில் நிற்கவில்லை. இடது பக்கமாக வழிந்து, தாடியை நனைத்து, சட்டைக்குள் இறங்கியது. தொழுகைக்கு முன் மூன்று முறை கொப்பளிப்பது வழக்கம். மூன்றும் சட்டைக்கே போயின.

எனக்கு முதலில் கோபம் வந்தது குழாயின் மேல்தான். இந்தக் குழாய் ஒரு பக்கமாகப் பீச்சுகிறது, மாற்றுங்கள் என்று கமிட்டியில் எத்தனை தடவை சொல்வது? பக்கத்தில் கால் கழுவிக்கொண்டிருந்தவரிடம் அதையே சொல்லத் திரும்பினேன். அவர் காலை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"பாய், உங்க வாய் ஒரு பக்கமா போயிருக்கு" என்றார்.

நான் பதில் சொன்னேன். என்ன சொன்னேன் என்று எனக்கே புரியவில்லை.

மைக் கிடைத்தால் விடமாட்டேன்

என் வாயைப் பற்றி இந்தத் தொடரில் ஏற்கெனவே தேவைக்கு மேல் எழுதியிருக்கிறேன். புதிதாகப் படிப்பவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தி.நகரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் மைக்கில் பேசுவது என் வேலை. எந்த மாடியில் என்ன கிடைக்கும், யாருடைய குழந்தை அழுதுகொண்டு நிற்கிறது, யார் பையை மறந்துவிட்டுப் போனார்கள் என்பதையெல்லாம் கடை முழுக்கச் சொல்வேன். காலையிலிருந்து கடை அடைக்கும்வரை இதையே பேசினாலும் எனக்குப் போதாது.

அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்திநேர மஃரிபு தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசலிலும் பத்து நிமிடம் பயான், அதாவது மார்க்க உரை, பேசுவேன். நான் ஓதிப் பட்டம் வாங்கிய ஆலிம் இல்லை. தொழுகை நடத்தும் எங்கள் ஹஜ்ரத் இளைஞர், நல்லவர், மறுக்கத் தெரியாதவர். அந்தப் பத்து நிமிடம் எனக்குக் கிடைத்த காரணம் அவ்வளவுதான்.

எனக்கு மிகவும் பிடித்த தலைப்பு சபுர், அதாவது பொறுமை. கஷ்டம் வரும்போது பொறுத்துக்கொள்கிறவனோடு அல்லாஹ் இருக்கிறான் என்று ஆரம்பித்தால், கேட்பவர்கள் கடிகாரத்தைப் பார்க்கும்வரை போகும். வேலை போனவர், வீட்டைக் காலி செய்யச் சொல்லப்பட்டவர், பையன் பரீட்சையில் தவறியவர் என்று யார் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாலும் அவர்களுக்கு என்னிடம் இந்த ஒரே மருந்துதான். பள்ளிவாசல் பையன்கள் எனக்கு சபுர் பாய் என்று பெயர் வைத்திருந்தார்கள். அது கேலி என்று என் மனைவி ரஹ்மத் சொன்னாள். பட்டம் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

ஒரு ரமலானில் யாரோ என் பயானை போனில் பதிவு செய்து வாட்ஸ்அப்பில் விட்டிருந்தார்கள். அதில் நான் சொன்னது இது: "முதல் அடி விழும்போது தாங்குறதுக்குப் பேருதான் பொறுமை. கத்திக் கூப்பாடு போட்டு ஓஞ்ச பிறகு வர்றது பொறுமை இல்ல, களைப்பு." கருத்து நபி பெருமானார் காட்டித் தந்தது. அந்தக் களைப்பு மட்டும் என் சொந்தச் சரக்கு. சொல்லிவிட்டு ஒரு சின்ன இடைவெளி விட்டிருப்பேன். அந்த இடைவெளிக்காகவே அதை நான் பல முறை கேட்டிருக்கிறேன்.

முதல் அடி

டாக்டர் என் நெற்றியைச் சுருக்கச் சொன்னார். பாதி நெற்றிதான் சுருங்கியது. கண்ணை மூடச் சொன்னார். இடது கண் மூடவில்லை. இது மூளை சம்பந்தப்பட்டதில்லை, பக்கவாதம் இல்லை, முகத்துக்குப் போகிற ஒரு நரம்பு வீங்கியிருக்கிறது, பெரும்பாலும் சரியாகிவிடும் என்றார். ரஹ்மத் அல்ஹம்துலில்லாஹ் என்றாள். நான், எப்போது சரியாகும் என்றேன்.

சில வாரங்களும் ஆகலாம், சில மாதங்களும் ஆகலாம் என்றார்.

எந்த வாரம் என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் கடையில் பல தடவை பார்த்திருக்கிறேன். தள்ளுபடி எப்போது என்று திரும்பத் திரும்பக் கேட்கும் ஆட்களை எங்கள் கேஷியர் அப்படித்தான் பார்ப்பார்.

என் அவசரத்துக்குக் காரணம் இருந்தது. எங்கள் ஒரே மகள் நஸ்ரினின் நிக்காஹ் நிச்சயமாகி, தேதி குறித்து, பத்திரிகையும் அடித்தாகிவிட்டது. எங்கள் முறையில் பெண்ணின் தகப்பன்தான் வலீ, அதாவது பொறுப்பாளி. மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, என் மகளை உங்களுக்கு நிக்காஹ் செய்து கொடுத்தேன் என்று அவன் வாயால் சொல்ல வேண்டும். நஸ்ரின் பிறந்த நாளிலிருந்து நான் மனதுக்குள் ஒத்திகை பார்த்த ஒரே வசனம் அதுதான். ஊருக்கெல்லாம் பேசிய வாய் அந்த ஒரு வரிக்கு இல்லாமல் போய்விடுமோ என்று பயந்தேன்.

அந்தப் பயத்தில் வீட்டுக்கு வரும் வழியிலேயே குற்றவாளிகளைத் தேட ஆரம்பித்தேன். பள்ளிவாசல் குழாயை ஏற்கெனவே பிடித்தாயிற்று. அடுத்தது எங்கள் படுக்கையறை ஃபேன். பிறகு பஸ்ஸின் ஜன்னலோர சீட். கடைசியாக, ராத்திரி ஜன்னலைச் சாத்தாமல் விட்ட ரஹ்மத். ஜன்னலைத் திறக்கச் சொன்னதே நீங்கள்தான் என்று அவள் நினைவூட்டினாள்.

என் பயானின்படி பார்த்தால் முதல் அடியிலேயே நான் அவுட்.

கீழ் வீட்டு சுவாமிநாதன் மாமா விஷயம் கேள்விப்பட்டு மாடி ஏறி வந்தார். "என் தம்பிக்கும் இதேதான் வந்துது. கொஞ்ச மாசத்துல தானா சரியாயிடுத்து. நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம், சும்மா இருந்துண்டிருந்தாலே போறும்" என்றார். நல்ல மனதோடு சொன்னார். சும்மா இருப்பது எனக்கு வராத கலை என்பது அவருக்குத் தெரியாது.

துண்டு செக்‌ஷன்

இந்த நோவில் உதடு ஒட்டுகிற எழுத்துகள் வராது. பானாவும் மானாவும் காற்றாகப் போய்விடும். பொறுமை என்று சொல்லிப் பாருங்கள், இரண்டு இடத்தில் உதடு ஒட்டும். சபுரிலும் ஒரு இடம். ஆக, என் பிழைப்பும் போயிற்று, பயானும் போயிற்று.

எங்கள் கடை முதலாளி அண்ணாச்சி திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினார். "ஒண்ணும் கவலப்படாதிய பாய். மைக் எங்கயும் போயிராது. வாய் சரியாவுற வரைக்கும் கீழ துண்டு செக்‌ஷன்ல இரிங்க" என்றார். மைக்கில் ஒரு பெண்ணைப் போட்டார்கள். அந்தப் பெண் இரண்டாவது மாடி என்பதை மூச்சுவிடாமல் ஒரே இழுப்பில் சொல்லும். துண்டுகளை மடித்தபடியே நான் அதில் குற்றம் கண்டுபிடித்துக்கொண்டிருந்தேன்.

இன்னொரு தொல்லையும் சேர்ந்துகொண்டது. மூடாத இடது கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டே இருந்தது. கல்யாண ஜவுளி எடுக்க வருகிறவர்கள் என்னைப் பார்த்துத் தயங்கி நிற்பார்கள். ஒரு அம்மா என்ன பாய் வருத்தம் என்று கேட்டு, பதில் வருவதற்குள் தன் கண்ணையும் துடைத்துக்கொண்டார். இது அழுகை இல்லை, நரம்பு என்று எல்லோரிடமும் சொல்ல வேண்டியிருந்தது. அதிலும் ஒரு மானாவும் ஒரு பானாவும் இருந்ததால் யாருக்கும் விளங்கவில்லை. நல்லவேளை, துடைக்கத் துண்டுக்குப் பஞ்சமில்லாத இடத்தில் என்னைப் போட்டிருந்தார்கள்.

ஆட்டோவில் கேட்ட குரல்

அபிராமபுரத்தில் ஒரு பிசியோதெரபி நிலையத்துக்குப் போகச் சொல்லியிருந்தார்கள். ஒரு நாள் ஆட்டோவில் போய்க்கொண்டிருந்தேன். பாலம் ஏறும் இடத்தில் வண்டிகள் நகரவே இல்லை. டிரைவர் கண்ணாடி வழியாக என்னைக் கவனித்துக்கொண்டிருந்தார்.

"இன்னா பாய், கண்ணுல தண்ணி ஊத்திகினே கீது. வூட்ல எதுனா பிரச்சனையா?"

நான் கையை ஆட்டினேன். அவர் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்.

"எனக்கும் போன வர்சம் மனசு உட்டுப்போச்சு பாய். அப்போ நம்ம ஸ்டாண்டு பாய் ஒருத்தரு ஒண்ணு அனுப்சாரு. இன்னைக்கும் வெச்சிகினுகீறேன். கேளு."

போனைத் தேடி ஒரு பொத்தானை அழுத்தினார். கொஞ்சம் கரகரப்பு. பிறகு, கடை முழுக்கக் கேட்கிற அந்தக் கம்பீரக் குரல்: "முதல் அடி விழும்போது தாங்குறதுக்குப் பேருதான் பொறுமை..."

சின்ன இடைவெளி வந்தது. டிரைவர் அந்த இடைவெளியில் தலையை ஆட்டினார். நான் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

"இந்த ஆளு மாரி இர்க்கணும் பாய். இன்னா தெளிவு பாத்தியா" என்றார்.

அது நான்தான் என்று சொல்லலாம். அதில் உதடு ஒட்டுகிற எழுத்து ஒன்றுகூடக் கிடையாது. அந்த நிலையிலும் தெளிவாகச் சொல்லியிருப்பேன். ஆனால் பாலத்தில் ஏறி இறங்கும்வரை நான் வாயைத் திறக்கவில்லை. போனில் பேசிக்கொண்டிருந்த அந்த மனிதரை எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. ஒரு நாள்கூட வாய் கோணாதவர் அவர்.

இறங்கும்போது டிரைவர், "சரியாப் பூடும் பாய், பொறுமையா இரு" என்றார். எனக்கு என் மருந்தே திரும்பி வந்தது. கசக்கும் என்று அன்றுவரை யாரும் என்னிடம் சொல்லவில்லை.

மகள் வரவில்லை

பிசியோதெரபிஸ்ட் நித்யாவுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். கண்ணாடி முன் உட்கார வைத்து மெதுவாகச் சிரிக்கச் சொல்வார், கன்னத்தை லேசாக ஊதச் சொல்வார், உதட்டைக் குவிக்கச் சொல்வார். வீட்டிலும் கொஞ்ச நேரம் செய்தால் போதும் என்றார். கொஞ்ச நேரத்துக்கே பலன் உண்டு என்றால், நாள் முழுக்கச் செய்தால் எவ்வளவு என்று நான் கணக்குப் போட்டேன். துண்டு மடிக்கும்போது ஊதினேன், பஸ்ஸில் ஊதினேன். ரங்கநாதன் தெரு நடைபாதையில், தடவினால் அதிரும் ஒரு மசாஜ் மெஷினை வாங்கி, ரஹ்மத்துக்குத் தெரியாமல் பாத்ரூமில் வைத்துக் கன்னத்தை அதிரவிட்டேன்.

கொஞ்ச நாளில் வாயை அசைத்தால் கண் சுருங்க ஆரம்பித்தது. முன்னேற்றம் என்று நித்யாவிடம் பெருமையாகக் காட்டினேன். அவர் முகம் மாறியது.

"வீட்ல எதாவது மெஷின் வெக்கிறீங்களா சார்?"

ஒப்புக்கொண்டேன்.

"நரம்பு தப்பான இடத்துக்குப் போய் சேருது சார். அடிச்சு எழுப்புனா இப்படித்தான் ஆகும். அதை விட்டுடுங்க. கம்மியா, மெதுவா பண்ணுங்க" என்றார்.

ஓடு என்றால் ஓடிவிடுவேன். மெதுவாக நட என்றால்தான் எனக்குக் கால் நடுங்கும். ஆனாலும் அன்று மெஷினைத் தூக்கிப் பரண்மேல் போட்டேன்.

இதற்கிடையில் மாப்பிள்ளையின் பெரியப்பா அடையாறிலிருந்து போன் செய்தார். மென்மையாகத்தான் சொன்னார். வலீ தன் சார்பாக ஹஜ்ரத்தை வக்கீலாக, அதாவது பிரதிநிதியாக, நியமித்தால் அவரே சொல்லிவிடுவார், மார்க்கத்தில் அதற்குத் தடையில்லை, பல கல்யாணங்களில் அப்படித்தான் நடக்கிறது என்றார். எல்லாம் சரி. எனக்குத்தான் போனை வைத்த பிறகு சோறு இறங்கவில்லை.

அன்று சாயங்காலம் கண்ணாடி முன் நின்று அந்த வசனத்தைச் சொல்லிப் பார்த்தேன். என் வந்தது. நிக்காஹ் வந்தது. கொடுத்தேன்கூட வந்தது. மகள் வரவில்லை. உதடு ஒட்டவேண்டிய இடத்தில் காற்று ஒழுகியது. மறுபடி மறுபடி சொன்னேன். திரும்பினால் வாசலில் நஸ்ரின் நின்றுகொண்டிருந்தாள்.

"இது அழுகை இல்ல. நரம்பு" என்றேன் கண்ணைத் துடைத்தபடி. அவளுக்கு மட்டும் என் குழறல் விளங்கும்.

"தெரியும் அத்தா" என்று கட்டிலில் உட்கார்ந்தாள். "ஒண்ணு கேக்கட்டா? உங்க பயான் எல்லாம் பள்ளிவாசல் மாடி ஸ்பீக்கர்ல கேட்டிருக்கேன். யாகூப் நபி அழுத இடத்த மட்டும் நீங்க சொன்னதே இல்ல. ஏன்?"

யாகூப் நபியின் கதை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அவருடைய செல்ல மகன் யூசுபை மற்ற மகன்கள் கிணற்றில் தள்ளிவிட்டு, ஓநாய் தின்றுவிட்டது என்று வந்து பொய் சொன்னார்கள். தகப்பன் சொன்னது, அழகிய பொறுமை என்பதுதான். மனிதர்களிடம் முறையிடாத பொறுமை. ஆனால் அவர் மகனை நினைத்து நினைத்து அழுதார். கண் வெளுத்துப் பார்வை போகும்வரை அழுதார். தன் துக்கத்தை அல்லாஹ்விடம் மட்டும் சொன்னார். நான் பயானில் கிணற்றிலிருந்து ஒரே தாவலாகத் தகப்பனும் மகனும் சேருகிற இடத்துக்குப் போய்விடுவேன்.

நேரம் பத்தாது என்றேன் நஸ்ரினிடம்.

"அழுதுட்டா பொறுமை இல்லைன்னு நெனச்சிட்டீங்க" என்றாள். "ஹஜ்ரத் சொன்னாலும் நிக்காஹ் நிக்காஹ்தான். ஆனா எனக்கு நீங்க சொல்லணும் அத்தா. எப்படி வந்தாலும் சரி."

சிரிப்பார்கள் என்றேன்.

"சிரிக்கட்டும். சபுர் பண்ணிக்கலாம்" என்று எழுந்து போனாள்.

அவள் போன பிறகு கண்ணாடியைப் பார்க்கவில்லை. கட்டிலில் அப்படியே உட்கார்ந்திருந்தேன். யா அல்லாஹ், பழைய குரல் வேண்டாம், அந்த ஒரு வார்த்தையைக் கொடு என்று கேட்டேன். அன்று நான் கேட்ட துஆதான் என் வாழ்க்கையிலேயே சின்னது.

மறுபடியும் அதே குழாயடி

நிக்காஹ் சாயங்கால அஸர் தொழுகைக்குப் பிறகு. புதுச் சட்டையின் கையை மடித்துக்கொண்டு குழாயடியில் உட்கார்ந்தேன். என் நச்சரிப்பு தாங்காமல் கமிட்டி குழாயை மாற்றியிருந்தது. பளபளவென்று இருந்தது. தண்ணீரை அள்ளி வாயில் விட்டு, பயந்துகொண்டே கொப்பளித்தேன். பெரும்பகுதி நின்றது. இடது ஓரமாகக் கொஞ்சம் கசிந்து புதுச் சட்டையில் விழுந்தது. பழைய குழாய் ஒரு பாவமும் அறியாதது என்று அப்போதுதான் உறுதியாயிற்று.

பள்ளிவாசலுக்குள் மாப்பிள்ளை தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். பெண்கள் மாடியில் இருந்தார்கள், அவர்களுக்கு ஸ்பீக்கர் போட்டிருந்தது. ஹஜ்ரத் மைக்கை என் பக்கம் கொண்டுவந்து, அதைக் கையால் மூடிக்கொண்டு, நான் சொல்லிடட்டுமா பாய் என்று காதோரம் கேட்டார். வேண்டாம் என்று தலையசைத்தேன்.

மாப்பிள்ளையின் வலது கையைப் பிடித்தேன். நித்யா சொல்லித் தந்தபடி இடது கை விரலால் உதட்டோரத்தைத் தாங்கிக்கொண்டேன்.

"என்..." என்றேன். அதோடு நின்றுவிட்டது.

சபை பார்த்துக்கொண்டிருந்தது. எனக்குத் தெரிந்த வழியெல்லாம் அழுத்தித் தள்ளுவதுதான். தள்ளினால் காற்றுதான் வரும் என்று உதட்டுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். தள்ளவில்லை. மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. பின்கட்டில் யாரோ பிரியாணி தேக்சாவின் மூடியை வைத்தார்கள். மைக் முன்னால் நான் பேசாமல் உட்கார்ந்திருந்தது அதுதான் முதல் தடவை. மாப்பிள்ளையின் கை என் கையை விடவில்லை. உதடு மெல்ல வந்து ஒட்டுவதை உணர்ந்தேன்.

"...மகள் நஸ்ரினை" என்றேன். பேசிய மஹருக்கு, அதாவது மாப்பிள்ளை தரும் மணக்கொடைக்கு, உங்களுக்கு நிக்காஹ் செய்து கொடுத்தேன் என்று மீதியையும் சொன்னேன். பேசிய என்றதில் பானா பாதி காற்றாகப் போனது. அது போகட்டும். ஏற்றுக்கொண்டேன் என்று மாப்பிள்ளை சொன்னார். யாரும் சிரிக்கவில்லை.

துஆ முடிந்ததும் ஆளாளுக்குக் கட்டித் தழுவினார்கள். அழாதீங்க பாய், பக்கத்துல அடையாறுதானே என்றார்கள். இது அழுகை இல்லை, நரம்பு என்று வழக்கம்போல் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டே படி வரைக்கும் வந்தேன். ரஹ்மத் மாடியிலிருந்து இறங்கி வந்தாள். அவள் கண்ணும் சிவந்திருந்தது. முந்தானை நுனியால் என் முகத்தைத் துடைத்தாள், முதலில் ஒரு பக்கம், பிறகு மறுபக்கம்.

"இடது கண்ணுக்கு நரம்புன்னு சொல்லிட்டீங்க" என்றாள். "வலது கண்ணுக்கு என்ன சொல்லப் போறீங்க?"

நான் அதே முந்தானை நுனியை வாங்கி அவள் கண்ணைத் துடைத்தேன். அவளும் அவசரப்படுத்தவில்லை.